தம்பியின் முறை

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த முன்னறையில் இருந்தவர்கள்: டீச்சரம்மா, அண்ணி, பேக்கரிக்காரர், நர்ஸக்கா, லிஃப்ட்காரர். அப்புறம் தம்பி.

தம்பி செத்துப்போயிருந்தான். அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீடு லிஃப்ட்காரருடையது. பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பராமரிப்பவரும் அவர்தான். அதனால் அது நின்றால் படியேறுகிற ஒவ்வொருவரும் அவர் வீட்டு வாசலில் மூச்சு வாங்கி, ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார்கள். அண்ணி அவருடைய மனைவி. அவருடைய தம்பி அண்ணி என்று கூப்பிட்டதால் கூட்டமே அவளை அப்படித்தான் கூப்பிட்டது, வயதில் மூத்த டீச்சரம்மா உட்பட. டீச்சரம்மா ஓய்வு பெற்றவர், ஜெபக்கூட்டத்தை நடத்துபவர். எந்தப் பாட்டையும் எட்டாத உயரத்தில் தொடங்கிவிட்டு, மூன்றாவது வரியில் இருமி, மிச்சத்தை மற்றவர்கள் தலையில் கட்டிவிடுவார். நர்ஸக்கா நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வருவாள். ஜெபத்தில் தூங்கிவிடுவாள் என்று அவள் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை. பேக்கரிக்காரர் தம்பியின் சிநேகிதன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தார்கள். தம்பி விட்டுவிட்டான். இவர் விடவில்லை.

தம்பி கப்பலில் வேலை பார்த்தான், இன்ஜின் அறையில். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். காணவில்லை என்று கம்பெனி சொன்னது.

காணவில்லை என்பது ஜெபிப்பதற்கு வசதியான சொல். அதில் கதவு பாதி திறந்திருக்கிறது.

அந்த வாரமே அவனுக்காகச் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்பது. முடித்தவர் அடுத்தவர் கையை ஓர் அழுத்து அழுத்த வேண்டும். ஜெபிக்க முடியாதவர் பேசாமல் அடுத்த கையை அழுத்திவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். முன்பு இதே கூட்டத்தில் தம்பி கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. குடியை விட்ட புதிதில் அவன் வாயில் ஜெபம் வரவில்லை.

தம்பிக்கும் ஒரு நாற்காலி போட்டது அண்ணி. கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கையில் நர்ஸக்காவின் கை, மறு கையில் லிஃப்ட்காரரின் கை. நர்ஸக்கா ஜெபித்து முடித்ததும் தம்பியின் முறை. அதை மௌனமாக விடுவார்கள். பிறகு நர்ஸக்கா தன் மோதிரத்தால் நாற்காலிக் கையை ஒரு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டு லிஃப்ட்காரர் தொடங்கி, முடித்துவைப்பார்.

இன்னொரு ஏற்பாடும் அண்ணியுடையது. வீட்டுக் கதவைப் பூட்டக் கூடாது. தம்பி பல் விழுகிற வயதில் அவளிடம் வந்தவன். அவளுக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. சாவி கொடுத்தால் தொலைப்பான். "அவன் வர்றப்போ கதவைத் தட்டிக்கிட்டு நிக்கக் கூடாது," என்றாள். கதவு சும்மா சாத்தியிருக்கும். காற்றடித்தால் ஒரு விரல் அகலம் திறந்துகொள்ளும்.

முதல் சில வாரங்களில் அந்தக் கூட்டம் எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்தது. பேக்கரிக்காரர் அழுதுகொண்டே ஒரு பொருத்தனை செய்தார்: தம்பி திரும்பி வரும்வரை ஒரு சொட்டு தொடமாட்டேன். தொடவும் இல்லை. கை நடுங்குகிற நாட்களில் டீச்சரம்மா போய் அடுப்பு ஓரம் உட்கார்ந்து, மாவு உருண்டைகளின் அளவு சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார். நர்ஸக்கா வேலை முடிந்து வரும் வழியில் அண்ணியின் தலையை வாரிவிட்டுப் போவாள். டீ மட்டுமே குடித்துக்கொண்டிருந்த அண்ணி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடமாடினாள்.

தொலைபேசி அழைப்பு வந்தபோது லிஃப்ட்காரர் ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் இருந்தார். கம்பெனியிலிருந்து ஒரு மரியாதையான குரல். தூர தேசத்துக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. இடது கையில் சுண்டு விரல் பாதிதான் இருந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி புதைத்துவிட்டார்கள். தம்பி சின்ன வயதில் சைக்கிள் சங்கிலியில் விட்ட விரல் அது. லிஃப்ட்காரர் "சரி" என்றார். குழியைச் சுத்தம் செய்து முடித்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனார். அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு நிறைய.

"என்னமோ தெரியல, இன்னிக்குப் பசிச்சுதுங்க," என்றாள். "ஜெபம் கேக்கப்படுது போல."

அவர் கை கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கிலி ஜெபத்தில் தம்பியின் முறை வந்தது. மௌனம். மோதிரச் சத்தத்துக்காகக் காத்திருந்த லிஃப்ட்காரரின் கையை யாரோ அழுத்தினார்கள். குளிர்ந்த, ஊறிப்போன கை. நான்கு விரல் அழுத்தம் முழுசாக இருந்தது. ஐந்தாவது பாதியில் நின்றது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வாய் தானாகவே ஜெபத்தைத் தொடங்கிவிட்டது. "தம்பியைப் பத்திரமா கொண்டு வாரும்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கை வந்தது.

கட்டடத்து லிஃப்ட்டும் கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. யாரும் கூப்பிடாமலே மூன்றாவது மாடிக்கு வந்து நிற்கும். கதவு திறக்கும். உள்ளே விளக்கு எரியும், ஆள் இருக்காது. மூடிக்கொள்ளும், ஆனால் வெகுநேரம் நகராது. அவர் அத்தனை இணைப்பையும் கழற்றி மாட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. லிஃப்ட்டில் முதல் பாடம் அது: ஏதாவது ஒரு மாடியில் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் பெட்டி அசையாது. அசையவும் கூடாது. மற்ற எல்லா மாடியும் பூட்டியிருந்து ஒன்று மட்டும் விரல் கனம் திறந்திருந்தாலும், உள்ளே இருப்பவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"உங்க வீட்டு வாசலை விட்டுப் போக மாட்டேங்குதே சார்," என்றார் மேல்வீட்டுக்காரர். "சோறு ஏதாவது போடறீங்களா அதுக்கு?"

யாரிடம் சொல்வது? டீச்சரம்மாவிடம் சொன்னால் அது பிசாசு என்பார். விசுவாசிகளுக்கு ஆவி என்றால் இரண்டே வகை. ஒன்று பரிசுத்தமானது, மற்றது விரட்ட வேண்டியது. தம்பியை லிஃப்ட்காரர் எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதுவும் போகட்டும். வாயைத் திறந்தால் அண்ணியின் தட்டு காலியாகும். பேக்கரிக்காரரின் கிளாஸ் நிறையும். ஒரு செங்கல்லை உருவினால் சுவரே வந்துவிடும் என்று அவர் பயந்தார். அதனால் ஞாயிறு தோறும் செத்தவனை உயிரோடு கொண்டுவரச் சொல்லி உரக்க ஜெபித்தார். அவர்தான் எல்லோரையும் விட உருக்கமாக ஜெபிக்கிறார் என்று கூட்டத்தில் பேச்சு.

இப்படிப் பல வாரங்கள் போன பிறகு, அன்று ஞாயிறு மதியம் வெளியே நல்ல வெயில். ஜன்னல் கம்பிகளின் நிழல் நாற்காலியின் மேல் விழுந்திருந்தது. டீச்சரம்மா பாட்டைத் தொடங்கி, இருமி, விட்டுவிட்டார். மற்றவர்கள் இழுத்து முடித்தார்கள்.

"டீச்சர், ஒரு நாளைக்குக் கீழேருந்து ஆரம்பிச்சுப் பாருங்களேன்," என்றாள் நர்ஸக்கா. "மேலே போக வேணும்னா லிஃப்ட்கார அண்ணன் இருக்காரு."

"நீ முதல்ல முழிச்சிரு," என்றார் டீச்சரம்மா. "போன வாரம் ஆமென்னுக்குப் பதிலா குறட்டை வந்துச்சு."

டீச்சரம்மா வேதத்தில் ஒரு பகுதி வாசித்தார். பிறகு யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கேட்டார். பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"வியாழக்கிழமை கடைவரைக்கும் போயிட்டேன்," என்றார். "குடிக்கிற கடை. உள்ள போய் உக்காந்தும் ஆச்சு. அவன் வந்து, டேய் நான் இல்லாதப்போ என்னடா பண்ணேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தோணுச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். அவன் சீக்கிரம் வரணும். நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"வருவான்," என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு லிஃப்ட்காரரைப் பார்த்தாள். "என்னங்க?"

"ம்," என்றார் அவர்.

கை கோர்த்துக் கண்ணை மூடினார்கள். டீச்சரம்மா ஜெபித்தார். அண்ணி ஜெபித்தாள், அவன் எங்கே இருந்தாலும் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும். பேக்கரிக்காரர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நர்ஸக்கா முணுமுணுத்து ஆமென் சொன்னாள்.

தம்பியின் முறை.

கதவு காற்றில் மெல்ல விலகியது. வெளியே நடையில் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டீசலும் உப்பும் கலந்த ஒரு வாடை. குளிர்ந்த கை லிஃப்ட்காரரின் கையைப் பிடித்து அழுத்தியது.

அவர் தொடங்கினார். "ஆண்டவரே, தம்பியை..."

வழக்கமாக ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போய்விடும். அன்று விடவில்லை. இறுக்கியது. அது மிரட்டுகிற பிடி அல்ல. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களை அவர் எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறார். கதவு இடுக்கில் கை கொடுத்தால் அவர்கள் பிடிப்பார்களே, அந்தப் பிடி.

"தம்பியை..." என்றார் மறுபடியும். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. கண்ணைத் திறந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் கை மேல் ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"அவன் செத்துட்டான்," என்றார்.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அதுவும் ஜெபத்தின் ஒரு பகுதி என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"கரை ஒதுங்கிட்டான். அங்கேயே புதைச்சுட்டாங்க. கம்பெனியிலேருந்து சொன்னாங்க. நான்தான் சொல்லல."

"எப்போ?" என்றார் டீச்சரம்மா, கண்ணை மூடியபடியே.

"இவ முதல் முதலா தட்டு நிறையச் சாப்பிட்டாளே, அன்னிக்கு."

முதலில் கண்ணைத் திறந்தது நர்ஸக்கா. அவள் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலிக் கையைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் இதைத் தட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"வாராவாரம் தட்டறியே?"

"இல்ல. நான் தட்டறதுக்கு முன்னாடியே நீங்க ஆரம்பிச்சுடுவீங்க. சரி, அவசரம்னு நினைச்சேன். அப்புறம் ஒரு வாரம் கண்ணைத் திறந்து பார்த்தேன். உங்க கை யாரோ பிடிச்ச மாதிரி மடங்கியிருந்துச்சு. நான் மார்ச்சுவரிக்கு எத்தனையோ பேரைத் தள்ளிட்டுப் போயிருக்கேன். எனக்கே வேர்த்துடுச்சு. அதுக்கப்புறம்தான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். நீங்கள்லாம் தூங்கறேன்னு சொன்னீங்க. சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"அண்ணி சாப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க," என்றாள்.

பேக்கரிக்காரர் எழுந்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார். உட்காரத் தெரியாதவர்போல நின்றார். "நான் வர்றப்போல்லாம் லிஃப்ட்டு தானா மூணுக்குக் கொண்டாந்து விடும்," என்றார். "பட்டனைத் தொடவே மாட்டேன். உள்ள டீசல் வாடை அடிக்கும். அவன் லீவுல வந்தா அவன் மேல அப்படித்தான் அடிக்கும். ஆண்டவர் அடையாளம் காட்டறாருன்னு நினைச்சு சந்தோஷமா வருவேன்."

அண்ணி எழுந்து உள்ளே போய் ஒரு பழைய துணியோடு வந்தாள். தம்பியின் நாற்காலியில் உட்காரும் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் அதைத் துடைத்தாள். துணியை முகர்ந்துபார்த்தாள். பல முறை செய்து பழகியவள் கை அது என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

"கூரை ஒழுகுதுன்னு நினைச்சுக்கிட்டேன்," என்றாள். "மேல இன்னும் ஏழு மாடி இருக்கு. இருந்தாலும் அப்படி நினைச்சுக்கிட்டேன்."

லிஃப்ட்காரர் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து துணியைப் பார்த்தார்.

"நீங்க வருவான்னு சொல்றதை எப்பவோ விட்டுட்டீங்க," என்றாள் அவள். "நான் கேட்டா ம்னுதான் சொல்லுவீங்க. அந்த ம்மைப் பிடிச்சுக்கிட்டே இத்தனை நாள் ஓட்டினேன். யாரு புதைச்சாங்க அவனை?"

"அந்த ஊர்க்காரங்க."

"பக்கத்துல யாராவது ஜெபம் பண்ணாங்களா?"

"தெரியல. நான் கேக்கல."

"அதைக்கூடக் கேக்கல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. துணியைச் சுருட்டி அவர் மார்பில் ஓங்கி எறிந்தாள். ஈரத்துணி சட்டையில் ஒட்டிக்கொண்டு, பிறகு மடியில் விழுந்தது. நர்ஸக்கா போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அழுதது அழகாக இல்லை. மூக்கு வழிந்தது, இருமல் வந்தது. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. பேக்கரிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்து நின்றார்.

அழுகை ஓய்ந்ததும் அவள் சொன்னாள்: "டீச்சர், அடக்கத்துக்குச் சொல்ற ஜெபத்தை இப்ப சொல்லுங்க."

டீச்சரம்மா தயங்கினார். "செத்தவங்களுக்காக ஜெபம் பண்றது நம்ம வழக்கத்துல இல்லம்மா."

"இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தோமாம்?" என்றாள் நர்ஸக்கா.

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்ததால் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனைக் கொண்டு வா, கொண்டு வான்னு கேட்டோம்," என்றார் மெதுவாக. "அவனும் வந்து வந்து நின்னிருக்கான். பாவம், சொன்ன பேச்சைக் கேக்கற பையன். வாங்க, உக்காருங்க. அவனுக்காகக் கேக்க வேணாம். அவனை ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்துடலாம். அதுக்கு வழக்கம் உண்டு."

மறுபடியும் வட்டமாக உட்கார்ந்தார்கள். இந்த முறை யாரும் கண்ணை மூடவில்லை. டீச்சரம்மா நன்றி சொன்னார், இப்படி ஒருவனை இந்த அறையில் உட்கார வைத்ததற்கு. நாற்காலியின் கையை அண்ணி எழுந்து வந்து தடவிக்கொடுத்தாள். "சாப்பிட்டுட்டியாடா?" என்றாள். வேறு ஜெபம் அவள் செய்யவில்லை.

பேக்கரிக்காரரின் முறை வந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இந்தச் செங்கல்தான் அடுத்தது என்று லிஃப்ட்காரர் நினைத்தார்.

"நீ வர்ற வரைக்கும் குடிக்க மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் பேக்கரிக்காரர், நாற்காலியைப் பார்த்து. "இனி நீ வரமாட்ட. அப்போ இனி குடிக்கவே முடியாது. நல்லா மாட்டிவிட்டுட்டு போற." வாயைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கு வழியாகச் சொன்னார்: "எனக்குப் பயமாத்தான் இருக்கு. நாளைக்கு யாராவது வந்து கடையில உக்காருங்க."

"நான் வர்றேன்," என்றார் டீச்சரம்மா.

"நீங்க வேணாம், உருண்டை சின்னது பெரிசுன்னு உயிரை எடுப்பீங்க."

"அதுக்குத்தான் வர்றேன்."

நர்ஸக்கா ஒன்றும் சொல்லாமல் நாற்காலிக் கையை அழுத்திவிட்டாள். தம்பியின் முறை. மௌனம். லிஃப்ட்காரர் உள்ளங்கையை நாற்காலிக் கையின் மேல் விரித்து வைத்திருந்தார். குளிர் வந்தது. நான்கரை விரல். லேசாக ஓர் அழுத்து, எப்போதும்போல.

நர்ஸக்கா மோதிரத்தால் தட்டினாள்.

"போயிட்டு வா" என்று சொல்ல வாயெடுத்த லிஃப்ட்காரர், பாதியில் திருத்திக்கொண்டார். "போப்பா," என்றார். "ஆண்டவர்கிட்டப் போ. இங்க நாங்க பாத்துக்கறோம்."

பிளாஸ்டிக் நாற்காலி தரையில் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது, கனமான ஒருவன் எழுந்திருக்கும்போது நகர்கிற மாதிரி. வாசல்வரை ஈரம் ஒன்றும் விழவில்லை. ஆனால் அண்ணி யாரையோ வழியனுப்புகிற நடையில், ஒரு பக்கம் ஒதுங்கி, வாசலுக்குப் போனாள். லிஃப்ட்காரர் அவள் பின்னால் போனார். நடையில் லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவுகள் ஒன்றையொன்று நெருங்கி மூடின.

பெட்டி நகரவில்லை.

"ஏங்க போகல?" என்றாள் அண்ணி.

பதில் அவளுக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவர் பேசுகிற ஒரே விஷயம் லிஃப்ட்டின் அந்த முதல் பாடம்தான். அவள் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். அதன் மேல் வைத்திருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு அவரை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சாவி ஆணியில் தொங்கியது. தூசி படிந்திருந்தது. பூட்டுக்குள் நுழைந்தது, திரும்பவில்லை. நாள்பட்டு இறுகியிருந்தது. லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்த சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். பின்னால் பேக்கரிக்காரரும் நர்ஸக்காவும் டீச்சரம்மாவும் நாற்காலிகளை விட்டு எழுந்து வந்து நின்றிருந்தார்கள். யாரோ ஒருவர் கை அண்ணியின் தோளில் இருந்தது. அவள் சாவியை மறுபடி பிடித்தாள். அவள் கை மேல் அவர் தன் கையை வைத்தார். இரண்டு பேருமாக அழுத்தித் திருப்பினார்கள். பூட்டின் நாக்கு உள்ளே போய் விழுந்தது.